கொசுறு கறிவேப்பிலை முதல் பிரண்டை வரை: அன்றாடச் சமையலுக்கான தழைகளை வீட்டிலேயே வளர்ப்பது எப்படி?

“அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை, மல்லி சேர்த்துப் போடுங்க.”

காய்கறிக் கடையில் பையைக் கையில் வாங்கும் முன் கடைசியாகச் சொல்லும் வாக்கியம் இது. வெங்காயத்துக்கு விலை கேட்போம், கத்தரிக்காயில் சொத்தை பார்ப்போம், தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்போம். கறிவேப்பிலைக்கு மட்டும் எந்தக் கேள்வியும் கிடையாது. கொசுறாகக் கொடுப்பதில் போய் என்ன கேட்பது?

ஆனால் ஒரு தமிழ் வீட்டில் நாள் தவறாமல் அடுப்பேறும் இலை எது என்று யோசித்தால், கீரையோ முட்டைக்கோஸோ அல்ல, அந்தக் கொசுறுதான். உருளைக்கிழங்கு மாதிரி தோலைச் சீவ முடியாது. ஒரு முறை தண்ணீரில் அலசி, உருவி, நேராக எண்ணெயில் போடுகிறோம். கொத்தமல்லியும் புதினாவும் இன்னும் மோசம். சட்னியாகப் பச்சையாகவே வயிற்றுக்குப் போகின்றன. அப்படிப்பட்ட இலை எங்கே விளைந்தது, அதன்மேல் என்ன தெளிக்கப்பட்டது என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லாத ஊர்களில் இதற்குப் பாதி விடை இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் தேவனூர் நாடு அப்படி ஒரு இடம்.

‘நாடு’ என்றால் என்ன?

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்தில் இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. இங்கே ‘நாடு’ என்பது தேசம் அல்ல, பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று மலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். அவற்றில் ஒன்றுதான் தேவனூர் நாடு. பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். ‘மலையை ஆள்பவர்கள்’ என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு.

மலையில் வீட்டை ஒட்டிய நிலம் வெறுமனே கிடப்பதில்லை. பலா, வாழை, கொய்யா, அதன் நிழலில் காப்பி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி என்று அடுக்கடுக்காக இருக்கும். அவரைக்கொடி ஏறும், மிளகாய்ச் செடி நிற்கும். ‘வீட்டுத் தோட்டம்’ என்று அதற்குத் தனியாகப் பெயர் வைத்து, வார இறுதியில் போய்ப் பார்க்கிற இடம் அல்ல அது. குழம்பு கொதிக்கும்போது போய்ப் பறித்துவரும் தூரத்தில் இருக்கும் நிலம், அவ்வளவுதான்.

இந்த நிலத்துக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. கொல்லிமலையின் வயல்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்கள் செழித்த காலம் ஒன்று இருந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியதும் சிறுதானியம் இறங்கியது. 1990களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சமுதாய விதை வங்கிகளை அமைத்து, மலை மக்களோடு சேர்ந்து பழைய ரகங்களை மீட்க உழைத்தது அதனால்தான். வயல் சந்தைக்குப் போகலாம், அதில் தவறில்லை, காசு வேண்டும். வயல் அப்படிப் போன பிறகும் வீட்டுத் தேவைக்கான செடி நிற்கிற இடம், வீட்டை ஒட்டிய அந்தத் துண்டு நிலம்தான்.

சென்னை, கோவை அடுக்குமாடி வீட்டுக்கு அந்தத் துண்டு நிலம் இல்லை. இருப்பது பால்கனி, ஜன்னல் திட்டு, வாய்ப்பிருந்தால் மொட்டை மாடி. அதில் எதை வைக்கலாம் என்பதற்கு முன், எதற்காக வைக்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

கறிவேப்பிலையில் அப்படி என்ன பிரச்சினை?

2013ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இருந்து வரும் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கான ஆய்வு அறிக்கையோடும் சுகாதாரச் சான்றிதழோடும்தான் உள்ளே வர வேண்டும் என்றது. லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை திடீர் திடீரென்று தட்டுப்பாடாவதற்கு இதுபோன்ற கெடுபிடிகளும் ஒரு காரணம்.

அடுத்து 2015. தமிழ்நாட்டில் இருந்து வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகம் என்று கேரளா புகார் சொன்னது, தமிழக அரசு அதை மறுத்தது. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். திருவனந்தபுரம் வெள்ளாயணியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தையில் இருந்து மாதிரி எடுத்துத் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் திரும்பத் திரும்ப இடம்பிடித்த பெயர்களில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா மூன்றும் உண்டு.

ஏன் குறிப்பாக இந்த இலைகள்? காய்க்குத் தோல் இருக்கிறது, பூச்சி கடித்த இடத்தை வெட்டி எறியலாம். இலையில் ஒரு புள்ளி விழுந்தாலே சந்தையில் விலை போகாது. “ஃப்ரெஷ்ஷா இல்லையே” என்று நாமே ஒதுக்கிவிடுவோம். கறிவேப்பிலையின் இளந்தளிரில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் மொய்க்கும், இலை சுருளும். விவசாயிக்கு மருந்து அடிப்பதைத் தவிர உடனடி வழி தெரிவதில்லை. மருந்து அடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. சந்தை அழைக்கும்போது அந்தக் கணக்கு தவறுகிறது. மேட்டுப்பாளையம் அருகே காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலை ஒரு முழுநேரப் பயிர். அங்கே விளைவதெல்லாம் விஷம் என்று சொல்வது அநியாயம். இயற்கை முறையில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கொசுறாக வரும் கொத்தில் எது எந்த வகை என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கழுவினால் போகாதா? மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் போகும் வகை மருந்து போகாது. புளி கரைத்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசலாம் என்று கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. புளி எல்லா வீட்டிலும் இருக்கிறது, செலவில்லாத வழி.

மலைக்கு மல்லி, சமவெளிக்குக் கறிவேப்பிலை

“எத்தனை தடவை வெச்சாலும் வர மாட்டேங்குது” என்ற புலம்பல் எல்லா மாடித் தோட்டக்காரர்களிடமும் உண்டு. பெரும்பாலும் கை ராசி காரணம் அல்ல, வெப்பநிலைதான்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் நாமக்கல் கொதிக்கும்போது தேவனூர் நாட்டில் போர்வை தேவைப்படும். கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்பும் செடி. மலையில் அடைமழை நாட்களை விட்டால் பெரும்பாலான மாதங்களில் அதை இலைக்காக வளர்க்கலாம். அதே விதையைச் சென்னையில் சித்திரை மாதம் விதைத்தால், வெயிலைக் கண்டதும் செடி பதறிப்போய், நாலு இலை விடுவதற்குள் தண்டு நீட்டிப் பூ எடுத்துவிடும். அது செடியின் தப்பு இல்லை. சூடு தாங்காது என்று தெரிந்ததும் விதை போட்டுவிட்டுப் போய்ச் சேரப் பார்க்கிறது. சமவெளியில் கொத்தமல்லிக்கு ஐப்பசி முதல் மாசி வரைதான் நல்ல காலம். கோடையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் காலை வெயில் மட்டும் படும் இடம் வேண்டும்.

கறிவேப்பிலை இதற்கு நேர் எதிர். வெயிலில் குளிக்கும் செடி. வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே போனால் மொட்டு உறங்கிவிடும், புதுத் தளிர் வராது. மார்கழி, தை மாதங்களில் மலையில் கறிவேப்பிலை ‘நின்ற இடத்திலேயே நிற்கிறது’ என்றால் அது நோய் அல்ல, தூக்கம். அந்த நேரம் உரம் போட்டுத் தண்ணீரை ஊற்றி எழுப்பப் பார்த்தால் வேர்தான் அழுகும். டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் ஈழத் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி கோடையில் வாசலிலும் குளிர்காலத்தில் வரவேற்பறை ஜன்னலோரத்திலும் இருப்பது இதனால்தான். குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் அலைவார்கள்.

வேம்புக்கு உறவில்லை, எலுமிச்சைக்கு உறவு

பெயரில் வேம்பு இருக்கிறது, இலையும் வேம்பு மாதிரி இருக்கிறது. ஆனால் கறிவேப்பிலை வேப்ப மரத்தின் குடும்பம் இல்லை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருக்கும் குடும்பம். இது வெறும் பொது அறிவுத் தகவல் அல்ல, தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு உதவும் தகவல். எலுமிச்சைக்கு வரும் பூச்சியெல்லாம் இதற்கும் வரும். ஒரே ராத்திரியில் இலையைக் காலி செய்யும் பச்சைப் புழு, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குழந்தை. குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் புழு என்றே தெரியாது. இரண்டு தொட்டி இருக்கும் வீட்டில் மருந்தே தேவையில்லை. கையால் எடுத்து விடலாம், அல்லது ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பட்டாம்பூச்சியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

இந்த எலுமிச்சை உறவுதான் அமெரிக்காவில் கறிவேப்பிலையைச் சிக்கலில் மாட்டிவிட்டது. தளிரில் சாறு உறிஞ்சும் ஆசிய சிட்ரஸ் சிலிட் என்ற பூச்சி 1998இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அது பரப்பும் பச்சையாக்க நோய் 2005இல் அங்கே கண்டறியப்பட்டு, ஆரஞ்சுத் தோப்புகளை நாசமாக்கியது. கறிவேப்பிலையில் அந்தப் பூச்சி சுகமாகக் குடியிருக்கும் என்பதால், ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிபோர்னியா பகுதிகளில் இருந்து கறிவேப்பிலைச் செடியை நினைத்தபடி வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. ஊரில் இருந்து கன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகும் பழக்கம் இருப்பவர்கள், விமான நிலையத்தில் அதைக் குப்பையில் போடுவது ஏன் என்று இப்போது புரியும்.

அறிவியல் பெயரிலும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கிறது. ‘பெர்கெரா கோனிகி’ என்பதில் வரும் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெரார்டு கோனிக். தாவரங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். மாணவரின் பெயரை 1771இல் லின்னேயஸ் நம் தாளிப்பு இலைக்கு வைத்துவிட்டார். பிற்காலத்தில் ‘முர்ரயா கோனிகி’ என்று மாற்றினார்கள், இப்போது மறுபடியும் பழைய பெயருக்கே வந்திருக்கிறார்கள்.

சரி, எப்படி வைப்பது?

கறிவேப்பிலைக்கு விதையை விடக் கன்று சுலபம். நன்கு வளர்ந்த மரத்தைச் சுற்றி வேரில் இருந்து பக்கக் கன்றுகள் முளைக்கும். பக்கத்து வீட்டில் மரம் இருந்தால் மழைக்காலத்தில் வேரோடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விதை போடுவதாக இருந்தால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிவிட்டு உடனே போட வேண்டும். காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். ஆன்லைனில் பாக்கெட்டில் வரும் கறிவேப்பிலை விதை ஏன் முளைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

தொட்டி சின்னதாக இருந்தால் செடியும் சின்னதாகவே நிற்கும். ஒன்றேகால் அடி அகலமாவது வேண்டும். அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண், தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் கலந்தால் போதும். மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அவசரத்துக்கு நாலு இலையை மட்டும் உருவி எடுப்பது. அப்படிச் செய்தால் செடி ஒற்றைக் குச்சியாகவே ஓங்கும். இணுக்கு முழுவதையும், கிளை நுனியோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். பூ வந்தால் ஒடித்து விடுங்கள், விதைக்குப் போகும் சக்தி இலைக்கு வரும்.

புளித்த மோர்? எல்லா யூடியூப் சேனலும் சொல்லும் மந்திரம் இது. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. மண் காரத்தன்மையோடு இருந்தால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நன்றாகத் தண்ணீர் கலந்த புளித்த மோர் அந்தக் காரத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். அதற்கு மேல் அதில் அதிசயம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுவது மோரை விட அதிகம் வேலை செய்யும். மோர் கெட்டியாக ஊற்றினால் எறும்பும் நாற்றமும்தான் மிச்சம்.

அஞ்சறைப்பெட்டியே விதைப்பெட்டி

கடைக்குப் போகாமலே தொடங்க ஒரு வழி இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் வெந்தயம், கடுகு இரண்டும் முளைக்கும் விதைகள். முதல் முறை செடி வைப்பவர்கள் வெந்தயத்தில் தொடங்குவது நல்லது, தோற்க வாய்ப்பே குறைவு. ஒரு ராத்திரி ஊறவைத்து, அகலமான தொட்டியில் தூவி, லேசாக மண் போட்டால் மூன்றாம் நாள் முளை தெரியும். மூன்று நாலு வாரத்தில் சாம்பாருக்கும் சப்பாத்திக்கும் வெந்தயக் கீரை.

தனியா கொஞ்சம் பிடிவாதம். நாம் விதை என்று நினைக்கும் உருண்டை உண்மையில் ஒரு கனி, அதற்குள் விதை இரண்டு. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைக்க வேண்டும். நசுக்கிப் பொடியாக்கிவிடக் கூடாது. பிறகு அரை நாள் ஊறவைத்து, நேரடியாகத் தொட்டியில் தூவ வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றுப் பிடுங்கி மாற்றி நடுவது ஒத்துவராது. முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நாலாம் நாளே “வரல” என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நாற்பது நாளில் இலை தயார். ஒரே தொட்டியில் வருஷம் முழுக்கக் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதைத்தால்தான் தொடர்ச்சியாக வரும். மளிகைக் கடைத் தனியா பழையதாக இருந்தால் முளைக்காமலும் போகலாம். வேளாண் விற்பனை நிலையத்தில் இலைக்கான ரகம் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடிமனான நாலு தண்டை எடுத்து, இலையை ஆய்ந்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். ஆழம் தேவையில்லை, அகலம் தேவை. அது படர்ந்து மற்ற செடியை அமுக்கிவிடும், தனித் தொட்டிதான் சரி. முதல் அறுவடை வரை கட்டில் ஒட்டியிருந்த மருந்து பற்றிக் கவலை இருந்தால், முதலில் வந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்துத் துளிர்ப்பதைச் சமையலுக்கு எடுக்கலாம்.

இதனால் காசு மிச்சமாகுமா? உண்மையைச் சொன்னால், பெரிதாக ஆகாது. சீசனில் மல்லிக்கட்டு மலிவுதான். ஆனால் மழைக்காலத்தில் விலை எகிறும்போதும், ஒரு ரசத்துக்காக ஒரு கட்டு வாங்கி மிச்சம் ஃப்ரிட்ஜில் அழுகும்போதும் வாசல் தொட்டியின் மதிப்பு தெரியும்.

‘ஆரிகனோ’ வேண்டுமா? தெருவிலேயே இருக்கிறது

நர்சரிகளில் பேசில், ஆரிகனோ, தைம் என்று அழகான தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வாங்கியவர்களின் பால்கனியில் மூன்று மாதம் கழித்து வெறும் தொட்டி நிற்கிறது. நம் சமையலில் அவற்றுக்கு வாராவாரம் வேலை இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். வேலை இல்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இத்தனைக்கும் ‘ஸ்வீட் பேசில்’ என்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். ஃபலூடாவில் வழுக்கும் சப்ஜா விதை அதனுடையது. கற்பூரவல்லி என்கிற ஓமவல்லியைக் கரீபியத் தீவுகளில் ஆரிகனோவாகவே சமைக்கிறார்கள். ஓமத்துக்கும் அதற்கும் வாசனையில் ஒற்றுமை உண்டே தவிர, ஓமம் விளைவது வேறு செடியில். ஒரு தண்டை ஒடித்து மண்ணில் சொருகினால் வரும். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் ஆகும்.

கொல்லிமலை போன்ற ஊர்களின் சமையலில் இருந்து நகரத்துத் தொட்டிக்கு வரவேண்டியவை வேறு. பிரண்டை, தூதுவளை, வல்லாரை, முடக்கத்தான். பிரண்டைக்கு ஒரு கணு போதும், நட்டுவிட்டு மறந்துவிடலாம். பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அரிப்பைத் தரும். இளந்தண்டாக எடுத்து, நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைப்பதற்குக் காரணமும் அதுதான். ருசிக்காக மட்டும் பாட்டி புளி சேர்க்கவில்லை. தூதுவளைக்கு முள் உண்டு, ரசத்துக்கு நாலு இலை போதும், கொடி ஏற ஒரு குச்சி வேண்டும். வல்லாரைக்கு ஈரமும் பாதி நிழலும் வேண்டும். வெயில் வராத பால்கனி என்று வருத்தப்படுபவர்களுக்கு அதுதான் செடி.

முடவாட்டுக்கால் மட்டும் வேண்டாம்

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் தேடும் ஒன்று முடவாட்டுக்கால் கிழங்கு. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவிப் பக்கம் கடைகளில் அதில் சூப் வைத்துக் கொடுப்பார்கள், கிழங்காகவும் விற்பார்கள். ரோமம் போர்த்திய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ‘சைவ ஆட்டுக்கால் சூப்’ என்ற பட்டப்பெயரும் உண்டு. மூட்டுவலிக்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஆன்லைனிலும் இப்போது வியாபாரம் சூடாக நடக்கிறது.

ஆனால் அது கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றின் தண்டு. கூடையில் நார் வைத்துக் கட்டினால் அழகுச் செடியாக வீட்டில் வளரும், மெதுவாக. நாம் சூப்புக்கு எடுப்பது இலையை அல்ல, செடி எதில் இருந்து துளிர்க்கிறதோ அந்தத் தண்டையே. கறிவேப்பிலையில் இணுக்கு கிள்ளினால் கிளை வெடிக்கும். இதில் தண்டைப் பெயர்த்தால் அந்த இடத்தில் மிஞ்சுவது பாறை. சந்தைக்கு வரும் கிழங்குக்குப் பின்னால் காட்டில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஒரு செடி இருக்கிறது. ஆய்வகத்தில் வீக்கத்தைத் தணிக்கும் தன்மை பற்றிய ஆய்வுகள் உண்டுதான். ஆனால் மூட்டுவலி உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு நம்பும் அளவுக்கு அது நிரூபணமான மருந்து அல்ல. மலைக்குப் போகும்போது ஒரு டம்ளர் சூப் குடிப்பது வேறு, வீட்டுக்கு மாதாமாதம் கூரியரில் வரவழைப்பது வேறு.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள்

பழைய பெயின்ட் டப்பாவைத் தொட்டியாக்க வேண்டாம். பெயின்டில் ஈயம் இருந்தால் அது மண்ணுக்கும் இலைக்கும் வரும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை கவிழ்த்துத் துடைத்துக் காயவிட வேண்டும். சாலையோர வீடாக இருந்தால் புகையும் தூசியும் படியாத பக்கத்து ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

தொட்டி, மண், விதை என்று தனித்தனியாக அலைய முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை ஒரு வழி வைத்திருக்கிறது. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மானிய விலையில் மாடித் தோட்டப் பொருட்கள் கொடுத்தார்கள். 2021-22இல் அது மாடித் தோட்டத் தளையாக மாநிலம் முழுக்கப் போனது. ஆறு செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கட்டி, விதை, உயிர் உரம் சேர்ந்த தளை அப்போது மானியம் போக 225 ரூபாய். இப்போது என்ன கிடைக்கிறது, என்ன விலை என்பதை அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். பையும் நார்க்கட்டியும் மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, செடியைப் பக்கத்து வீட்டிலும் விதையை அஞ்சறைப்பெட்டியிலும் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

கறிவேப்பிலைக் கன்று வைத்தவர்கள் முதல் ஒரு வருஷம் நுனியைக் கிள்ளிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாளிப்புக்கு அதில் இருந்து இலை எதிர்பார்க்கக் கூடாது. அதுவரை கடைக்காரர் போடும் கொசுறுதான். வீட்டுக்கு வந்ததும் அதைப் புளித்தண்ணீரில் போட்டுவிடுங்கள்.